கெப்ளரின் கனவும் இரட்டைக் கோள்களும்

பௌர்ணமி இரவில் முற்றத்தில் நின்று நிலவைப் பார்த்து மகிழாதவர் நம்மில் இல்லை. ஆனால் நிலவில் நின்று ஒருவர் நம்மைப் பார்த்தால் அவருக்கு என்ன தெரியும் என்று எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே. பூமி அவருக்கு எவ்வளவு பெரிதாகத் தோன்றும்? அது கிழக்கே எழுந்து மேற்கே மறையுமா? அதற்கும் வளர்பிறை, தேய்பிறை உண்டா? அங்கே ஒரு பகல் எவ்வளவு நேரம் நீடிக்கும்? 1593ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் இக்கேள்விகளைத் தொகுத்து, பொது விவாதத்துக்கு வைக்க விரும்பினார். பூமி சுழல்கிறது என்ற கொள்கையை ஏற்காத பேராசிரியர் அதற்கு இசைவு தரவில்லை. அந்த மாணவர்தாம் யோகான்னஸ் கெப்ளர்.

ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு உலகங்களைப் படைத்து, அவற்றில் மாந்தரை உலவவிட்டுக் கதை எழுதும் அறிவியல் புனைகதையாசிரியர்கள் இன்று பலர் இருக்கின்றனர். இது வீண் விளையாட்டு என்று நம் வாசகர்கள் சிலர் கருதக்கூடும். நாமும் முன்பு அவ்வாறே கருதினோம். ஆனால் அத்தகைய ஆசிரியர் தம் இரட்டை உலகத்தை இயற்கை விதிகளுக்கு முரணின்றி அமைக்க உட்காரும்போது முதலில் கையில் எடுக்கும் அளவுகோல் கெப்ளர் தந்தது. அவர் கேட்கும் முதற்கேள்வியும் கெப்ளர் கேட்டதுதான்: அங்கே நிற்பவருக்கு வானம் எப்படித் தெரியும்? அந்த அளவுகோல் எத்தகைய துயரத்தின் நடுவே உருவாயிற்று என்பதை அறிந்தபின் அதை விளையாட்டு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

1609ஆம் ஆண்டில் கெப்ளர் பிராகு நகரில் பேரரசர் இரண்டாம் ருடோல்பின் அரசவைக் கணிதராக இருந்தார். செவ்வாயின் பாதை வட்டமன்று, நீள்வட்டமே என்று நிறுவிய அவருடைய பெருநூல் அவ்வாண்டுதான் வெளியாயிற்று. அதே ஆண்டில், பதினாறு ஆண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட தம் மாணவப் பருவக் கேள்விகளை எடுத்து ஒரு கனவுக் கதையாக அவர் எழுதினார். இலத்தீனில் அதற்குச் 'சோம்னியம்', அதாவது 'கனவு' என்று பெயரிட்டார்.

ஐஸ்லாந்துத் தீவைச் சேர்ந்த டுராக்கோட்டஸ் என்னும் இளைஞன் கதையைச் சொல்கிறான். அவனுடைய தாய் ஃபியோல்க்ஸ்ஹில்டே மலையில் மூலிகை பறித்து, சிறு பைகளில் இட்டு மாலுமிகளுக்கு விற்பவள். ஒருநாள் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் மகன் அதைக் கிழித்துவிடுகிறான். சினங்கொண்ட தாய் அவனையே கப்பல் தலைவனிடம் கொடுத்துவிடுகிறாள். அவன் டென்மார்க்கின் வென் தீவில் வானியல் மேதை தைக்கோ பிராகியிடம் சேர்ந்து கல்வி கற்று, ஐந்தாண்டுகளுக்குப்பின் வீடு திரும்புகிறான். மகன் கற்று வந்த விண்ணுலக அறிவு தனக்கும் வேறொரு வழியில் தெரியும் என்று கூறி, தாய் ஓர் ஆவியை அழைக்கிறாள். லெவானியா என்னும் நிலவுலகத்தின் செய்திகளை அந்த ஆவி அவர்களுக்கு விரித்துரைக்கிறது.

கதை இவ்வளவே. அதன் உயிர் அந்த ஆவி சொல்லும் வான வருணனையில் இருக்கிறது. லெவானியாவில் நிற்பவருக்குப் பூமி எழுவதுமில்லை, மறைவதுமில்லை. வானத்தில் ஆணியடித்தாற்போல் ஓரிடத்திலேயே நிற்கிறது. நின்ற இடத்திலேயே சுழல்வதால் அதற்கு 'வோல்வா' என்று பெயர். அதன் மேலுள்ள கறைகள் நகர்ந்து நகர்ந்து மீண்டும் வருவதைக் கொண்டு அங்குள்ளோர் மணி பார்க்கின்றனர். நமக்கு நிலவு தோன்றுவதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விட்டத்தில் அவர்களுக்கு வோல்வா தோன்றுகிறது. ஒரு பகல் நம் பதினான்கு நாள். ஓர் இரவும் அவ்வளவே. நிலவு எப்போதும் ஒரே முகத்தை நமக்குக் காட்டுவதால் லெவானியா இரு நாடுகளாகப் பிரிகிறது. வோல்வாவின் கீழுள்ள பாதி சப்வோல்வா. வோல்வாவைக் காணாத பாதி பிரிவோல்வா. முன்னதில் இரவிலும் வோல்வாவின் ஒளியுண்டு. பின்னதில் இரவு காரிருள், கடுங்குளிர். பகலோ ஆப்பிரிக்காவைவிடப் பதினைந்து மடங்கு வெப்பம் என்று கெப்ளர் எழுதினார். அந்த வெப்பத்திலிருந்து தப்ப அங்குள்ள உயிர்கள் குகைகளிலும் ஆழ்நீரிலும் ஒளிகின்றன.

தொலைநோக்கி வழியாக வானத்தைப் பார்த்த செய்திகளைக் கலிலேயோ 1610இல் வெளியிடுமுன்பே இவ்வளவும் கணக்கினால் பெறப்பட்டது. விண்வெளி வீரர்கள் 1968 டிசம்பர் 24 அன்று எடுத்த 'பூமியெழுச்சி' என்னும் படத்தைப் பல வீடுகளின் சுவர்களில் காண்கிறோம். அப்பொல்லோ 8 கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்ததால் அவர்களுக்குப் பூமி எழுந்தது. நிலவின் தரையில் நின்றிருந்தால் அது எழுந்திருக்காது. சற்றே அசைந்தாடும், அவ்வளவுதான். கெப்ளர் இதை மேசையருகே அமர்ந்து அறிந்துகொண்டார். காற்றும் நீரும் உயிர்களும் நிலவில் உண்டு என்று எண்ணியதிலும், பின்னாளில் நிலவின் வட்டப் பள்ளங்களை அங்குள்ளோர் கட்டிய நகரங்கள் என்று கருதியதிலும் அவர் தவறினார். கணக்கு கைகொடுத்த இடங்களில் அவர் பிழைக்கவில்லை. ஆசை முந்திய இடங்களில் பிழைத்தார்.

இனித் துயரமான பகுதிக்கு வருகிறோம். கதையின் ஆவி ஒரு வேடிக்கை பேசுகிறது. நிலவுப் பயணத்துக்குப் பருத்த உடலினர் ஆகார். இரவில் ஆட்டுக்கடாவின் மேலும் துடைப்பத்தின் மேலும் ஏறிப் பறந்து பழகிய, உலர்ந்த உடற்கட்டுள்ள கிழவிகளே ஏற்றவர்கள் என்கிறது. நண்பர்களிடையே நகைப்பதற்காக எழுதிய வரி அது. ஆனால் கதையின் கையெழுத்துப் படி ஒன்று 1611இல் பிராகிலிருந்து வெளியே சென்று, டூபிங்கன் வரை போய்ச் சேர்ந்தது. மூலிகை விற்கும் தாய், அவள் அழைக்கும் ஆவி, வானியல் கற்ற மகன் என்று படித்தவர்களுக்கு, கெப்ளரின் தாயும் மூலிகை மருந்து செய்பவர் என்பது நினைவுக்கு வராமல் இருக்குமா?

அத்தாயின் பெயர் கத்தரீனா. வூர்ட்டம்பெர்க் நாட்டின் லியோன்பெர்க் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கைம்பெண். 1615ஆம் ஆண்டில் அவர் எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தபோது, அவர் கொடுத்த பானத்தால் தனக்கு நோய் வந்ததென்று ஊர்ப்பெண் ஒருத்தி குற்றஞ்சாட்டினாள். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது, சாட்சிகளும் பெருகினர். 1620 ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு, போதகர் ஒருவரின் மனைவியான தம் மகளின் இல்லத்தில் உறங்கிக்கொண்டிருந்த கத்தரீனாவைப் பிடித்து, ஊரார் காணாதபடி ஒரு பெட்டிக்குள் வைத்துத் தூக்கிச் சென்றனர் என்பது வரலாறு. பதினான்கு மாதங்கள் சங்கிலியில் கட்டுண்டு கிடந்தார். லின்ஸ் நகரிலிருந்து வந்த மகன், அரசவைக் கணிதர் என்ற பெருமையை ஒதுக்கி வைத்துவிட்டு, சாட்சிகளின் முரண்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டித் தாய்க்காக வழக்காடினார். 1621 செப்டம்பரில் கொலைக்களத்தான் வதைக் கருவிகளைக் கத்தரீனாவின் முன் பரப்பி அச்சுறுத்தினான். நரம்பு நரம்பாகப் பிடுங்கினாலும் ஒப்புக்கொள்ளத் தம்மிடம் ஒன்றுமில்லை என்று கூறிய அந்த மூதாட்டி, முழந்தாளிட்டு ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொன்னார். அடுத்த மாதம் விடுவிக்கப்பட்டார். 1622 ஏப்ரலில் இறந்தார்.

தம் கதை வெளியே பரவியதே தாய்மேல் விழுந்த பழிக்குக் காரணம் என்று கெப்ளர் நம்பினார். முடிதிருத்தும் கடைகளில்கூட அதைப் பேசினார்கள் என்று வேதனையோடு எழுதியுள்ளார். வழக்கு ஆவணங்களை ஆராய்ந்த இக்கால வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்பதில்லை. அண்டை வீட்டுப் பகையும் அச்சமுமே வழக்கை நடத்தின, 'கனவு' அங்கே எழவில்லை என்கின்றனர். அவர்கள் சொல்வதே சரியாக இருக்கலாம். ஆயினும் தன் எழுத்தால் தாய் விலங்கிடப்பட்டாள் என்று எண்ணும் மகனின் நெஞ்சுக்கு அந்த ஆறுதல் கிட்டவில்லை. (இத்தகைய வழக்குகள் கத்தோலிக்க நாடுகளிலும் குறைவின்றி நடந்தன என்பதை நாம் மறைக்கலாகாது. அவற்றை எதிர்த்து இயேசு சபைக் குரு ஃபிரீட்ரிக் ஸ்பே 1631இல் எழுதிய நூல், ஆசிரியர் பெயரின்றியே வெளிவர வேண்டியிருந்தது.)

வழக்கு முடிந்தபின் கெப்ளர் அந்தக் கதையை எரித்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. குறிப்புகள் எழுதத் தொடங்கினார். பத்தாண்டளவில் 223 குறிப்புகள் சேர்ந்தன. கதையைவிடக் குறிப்புகள் பல மடங்கு நீளமானவை. ஆவியை அழைக்கும் இருபத்தொரு எழுத்து மந்திரம் என்ன? 'அஸ்ட்ரோனோமியா கோப்பர்னிக்கானா', அதாவது கோப்பர்நிக்கசின் வானியல் என்னும் சொற்றொடரின் இலத்தீன் எழுத்துகளே அவை. பயணம் ஏன் கிரகண நேரத்தில் மட்டும் நிகழ்கிறது? பூமியின் நிழல் நிலவைத் தொடுவது அப்போதுதான். பயணி பாதி வழிக்குமேல் தானே நிலவை நோக்கி விழுவது எப்படி? அங்கே பூமியின் ஈர்ப்பைவிட நிலவின் ஈர்ப்பு மேலோங்குகிறது. மூலிகைத் தாய் யார்? கல்லாத அனுபவ அறிவு. அவள் பெற்ற பிள்ளையே விஞ்ஞானம். இப்படி, சூனியம் என்று உலகம் கண்ட ஒவ்வொன்றுக்கும் காரணம் காட்டினார். சாட்சிகளின் சொற்களைத் தனித்தனியே பிரித்து ஆராய்ந்த அதே கை, கதையின் சொற்களையும் பிரித்து ஆராய்வதை அக்குறிப்புகளில் காண்கிறோம். புனைந்த உலகத்துக்குக் கணக்கை உடன்வைத்துக் காட்டும் வழக்கம் இவ்வாறு ஒரு தற்காப்பாகவே தோன்றியது என்பது நம் கருத்து.

அந்தத் துன்ப ஆண்டுகள் மற்றொன்றையும் தந்தன. தாய்மேல் வழக்கு நடந்துகொண்டிருந்த 1618ஆம் ஆண்டு மே மாதத்தில், கோள் ஒன்று சுற்றிவரும் காலத்தின் இருமடிக்கும் அதன் தொலைவின் மும்மடிக்கும் உள்ள மாறாத உறவைக் கெப்ளர் கண்டுபிடித்து, அடுத்த ஆண்டு வெளியிட்டார். இதுவே அவருடைய மூன்றாம் விதி. பின்னர் நியூட்டன் 1687இல் இதனுடன் நிறையையும் இணைத்தார். இரட்டை உலகத்தை வரைபவர் கையில் எடுக்கும் அளவுகோல் என்று முன்னர்ச் சொன்னது இவ்விதியைத்தான்.

நாமே ஒன்றை வரைந்து பார்ப்போம். பூமியை ஒத்த இரண்டு உலகங்கள், இரண்டுக்கும் இடையிலுள்ள பொது மையத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை சுற்றிவருவதாகக் கொள்வோம். மூன்றாம் விதிப்படி அவற்றின் மையங்களுக்கிடையே தொலைவு ஏறத்தாழ 84,000 கிலோமீட்டர் இருக்க வேண்டும். நாம் விரும்பியபடி தொலைவை ஒன்றாகவும் காலத்தை வேறாகவும் வைக்க விதி இடங்கொடாது. அத்தொலைவில் துணையுலகு நம் நிலவைப்போல் பதினெட்டு மடங்கு விட்டத்தில் வானத்தில் தோன்றும். நம் கடலில் நிலவு எழுப்பும் ஓதத்தின் விசையைவிட ஏழாயிரம் மடங்குக்கு மேற்பட்ட விசை அங்கே இருக்கும். அப்படியானால் நாள்தோறும் கடல் பொங்கி மலைகளை மூழ்கடிக்குமா? மூழ்கடிக்காது. அவ்வளவு பெரிய ஓதமே இரு உலகங்களின் சுழற்சிக்கும் தடையாகி, வெகு விரைவில் இரண்டையும் ஒன்றையொன்று ஒரே முகத்தோடு நோக்கி நிற்கச் செய்துவிடும். ஓதம் பூமியின் சுழற்சியைத் தளர்த்தும் என்று தத்துவ அறிஞர் காண்ட் 1754இல் ஊகித்ததை, பரிணாமக் கொள்கையாளரின் மகனான ஜார்ஜ் டார்வின் 1879இல் கணிதமாக்கினார். நம் நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்வதும் இதன் விளைவே.

எனவே நம் இரட்டை உலகம் இரண்டிலும் கெப்ளரின் இரு நாடுகள் இருக்கும். துணை நடுவானில் நிற்கும் ஊரில், பாதை சூரியனின் தளத்தோடு ஒத்திருந்தால், ஒவ்வொரு நண்பகலும் சூரியன் துணைக்குப்பின் மறைந்து ஒன்றேகால் மணி நேரம் இருள் சூழும். நள்ளிரவில் துணை முழுநிலவாய் ஒளிர வேண்டிய வேளையில் நம் உலகின் நிழலே அதன்மேல் ஏறி, அதை ஏறக்குறைய முழுவதும் மூடும். மறுபாதியில் வாழும் மக்களோ நெடும்பயணம் சென்றாலன்றித் தங்கள் துணையுலகைக் கண்ணால் காணமாட்டார்கள். அத்தகைய ஒன்று உண்டு என்பதை அவர்கள் நம்புவார்களா? கதையாசிரியனுக்கு இதற்குமேல் என்ன கரு வேண்டும்!

நெருக்கத்துக்கும் எல்லையுண்டு. துணைக்கோள் மிகக் கிட்டே வந்தால் ஓத விசையே அதைச் சிதைக்கும் என்று பிரெஞ்சு அறிஞர் எடுவார்ட் ரோஷ் 1848இல் காட்டினார். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் ஃபார்வர்ட் 1982இல் எழுதிய 'ரோஷ் உலகம்' என்னும் கதை இக்கணக்கை விளிம்பு வரை இழுத்துப் பார்க்கிறது. முட்டைபோல் நீண்ட இரு உலகங்கள், 80 கிலோமீட்டர் இடைவெளியில், ஒரே காற்றைப் பகிர்ந்துகொண்டு ஆறு மணி நேரத்தில் சுற்றுகின்றன. பாப் ஷா என்னும் வட அயர்லாந்து எழுத்தாளர் 1986இல் வெளியிட்ட நாவலிலும் இரு உலகங்களுக்கு ஒரே காற்று. மாந்தர் வெப்பக்காற்றுப் பலூனில் ஓர் உலகிலிருந்து மற்றதற்குச் செல்கின்றனர். நம் விதிகளின்படி அது இயலாதென்று ஷாவுக்குத் தெரியும். ஆகவே அந்த அண்டத்தில் வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல் சரியாக மூன்று மடங்கு என்று எழுதிவிட்டார். விதியை மீறுவதானால் மீறியதை இவ்வாறு வெளிப்படையாகச் சொல்லிவிடும் நேர்மை நமக்குப் பிடித்திருக்கிறது.

இவையெல்லாம் கற்பனை என்றிருந்த நிலையை 1978ஆம் ஆண்டு மாற்றியது. அமெரிக்க வானியலாளர் ஜேம்ஸ் கிறிஸ்டி, புளூட்டோவின் ஒளிப்படத்தில் ஒரு புடைப்பைக் கண்டார். அது சாரோன் என்னும் துணை. புளூட்டோவின் விட்டம் 2,377 கிலோமீட்டர். சாரோனின் விட்டம் 1,212. மையங்களுக்கிடையே 19,600 கிலோமீட்டர். இரண்டின் பொது ஈர்ப்பு மையம் புளூட்டோவுக்கு வெளியே வெட்டவெளியில் இருக்கிறது. (பூமி, நிலவு இரண்டின் பொது மையம் பூமிக்குள்ளேயே இருப்பதால், நம்மை முழு இரட்டையர் எனப் பலர் ஏற்பதில்லை.) 6.4 நாளில் ஒரு சுற்று. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒரே முகத்தையே காட்டுகின்றன. புளூட்டோவின் ஒரு பாதியில் நிற்பவருக்குச் சாரோன் நம் நிலவைப்போல் ஏழு மடங்கு விட்டத்தில் ஆணியடித்தாற்போல் நிற்கும். மறுபாதியில் அது என்றும் தெரியாது. 2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் படமெடுத்த இதய வடிவச் சமவெளி நினைவிருக்கிறதன்றோ? அதன் பனி நிறைந்த மேற்குப் பகுதி சாரோனைக் காணாத பக்கத்தில் இருக்கிறது. பிரிவோல்வா! 2006 ஆகஸ்டில் பன்னாட்டு வானியலாளர் பேரவை கூடியபோது, புளூட்டோவோடு சாரோனையும் கோளாக ஏற்கும் முன்மொழிவு ஒன்று வைக்கப்பட்டது. முடிவில் புளூட்டோவே கோள் வரிசையிலிருந்து நீங்கியது. பேரவை கூடிய நகரம் பிராகு. 'கனவு' எழுதப்பட்ட ஊர்.

கெப்ளர் அந்நூலை அச்சில் காணவில்லை. பிரிவினைச் சபைகளின் பூசலில் அவர் எப்பக்கமும் இடமற்றவராக இருந்தார். 1600இல் கத்தோலிக்க ஆட்சியாளர் அவரைக் கிராஸ் நகரிலிருந்து வெளியேற்றினர். 1612இல் லின்ஸ் நகரின் லூத்தரன் போதகர், கொள்கை அறிக்கையில் கையெழுத்திட மறுத்ததற்காக, அவருக்கு நற்கருணை விருந்தை மறுத்தார். ஆனால் இயேசு சபைக் கணித அறிஞர் பால் குல்டின் அவருடைய நண்பராக இருந்தார். குல்டினின் முயற்சியால் மற்றோர் இயேசு சபைத் துறவியான நிக்கோலோ சுக்கியின் தொலைநோக்கி கெப்ளருக்குக் கிடைத்தது. அதன் வழியாக நிலவில் கண்டதைக் குல்டினுக்கு எழுதிய கடிதமே 'கனவு' நூலின் பிற்சேர்க்கை. 1630 நவம்பர் 15 அன்று ரேகன்ஸ்பர்க் நகரில் கெப்ளர் இறந்தார். அச்சுப்பணியைத் தொடர்ந்த மருமகன் 1633இல் இறக்க, மகன் லூட்விக் 1634இல் நூலை வெளியிட்டார். வறுமையில் வாடிய மாற்றாந்தாய்க்கு அதனால் ஏதேனும் கிடைக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. கெப்ளரின் கல்லறையும் அந்த முப்பதாண்டுப் போரில் அழிந்துபோயிற்று.

1651இல் பொலோஞ்ஞா நகரின் இயேசு சபைக் குருக்கள் ரிச்சியோலியும் கிரிமால்டியும் நிலவுக்கு ஒரு படம் வரைந்து, அதன் பள்ளங்களுக்குப் பெயரிட்டனர். பூமி சுற்றுகிறது என்பதை ரிச்சியோலி ஏற்கவில்லை. இருந்தும் புயல்களின் பெருங்கடல் எனப்படும் சமவெளியில், கோப்பர்நிக்கசின் பெயர் பெற்ற பள்ளத்துக்கு மேற்கே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள பிரகாசமான பள்ளம் ஒன்றுக்குக் கெப்ளரின் பெயரை வைத்தார். அப்பெயரே இன்றும் வழங்குகிறது.

2019 ஜனவரியில் நிலவின் மறுபுறத்தில் இறங்கிய சீனக் கலம், பூமியை நேரே காண முடியாததால், இடையே ஒரு செயற்கைக்கோளை வைத்துத்தான் நம்மோடு பேசியது. 2023 ஆகஸ்டு 23 அன்று தென்முனைப் பகுதியில் இறங்கிய நம் சந்திரயான் 3 கலத்துக்கு அடிவானத்துக்குச் சற்று மேலே பூமி தெரிந்தது. கெப்ளர் பள்ளம் இருப்பதும் சப்வோல்வாவில்தான். அதன் நடுவே நிற்பவருக்கு, பதினான்கு நாள் பகலிலும் பதினான்கு நாள் இரவிலும், அடிவானிலிருந்து ஏறத்தாழ 50 பாகை உயரத்தில் வோல்வா சுழன்றுகொண்டு நிற்கும்.